அக்காவைக் கேளுங்கள்

மகன்,

உன் கடிதம் வந்து பதினொரு நாளாகிறது. இத்தனை நாளும் பதில் எழுதாததற்கு உடம்பு காரணமில்லை. கால் வீக்கம் வழமைபோலத்தான், சாப்பாடு இறங்குகிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை துணைக்கு வந்து படுக்கிறாள். நீ கேட்டிருந்த இரண்டு காரியங்களுக்கும் என்ன எழுதுவதென்று தெரியாமல்தான் இருந்தேன். அப்பாவின் ஆண்டுத்திவசம் முடிந்துவிட்டதால் வைகாசியில் கல்யாணத்துக்கு அந்தப் பிள்ளையின் வீட்டார் நாள் குறித்துவிட்டதாக எழுதி, அடித்த கார்டையும் வைத்திருந்தாய். சந்தோஷம். அதற்குக் கீழே, மாப்பிள்ளையின் தலையில் பால் அறுகு வைக்கும்போது முதலில் வைக்க வேண்டியவர் தாய்மாமன், ஆகவே மாமாவை எப்படியாவது கொழும்புக்குக் கூட்டி வாருங்கள் என்று எழுதியிருந்தாய். புருஷன் செத்தவள் என்று நான் பின்னால் ஒதுங்கக் கூடாது, யார் என்ன சொன்னாலும் மேடையில் உன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். இந்தக் கடைசி வரியைப் பலமுறை வாசித்தேன். எந்தப் பிள்ளையும் தாய்க்கு இதைவிட நல்லதாக எழுத முடியாது. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை நான் மாமாவிடம் போய் வந்தேன். அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்வதற்கு முன், உனக்கு இதுவரை சொல்லி வைத்திருக்கும் கதையை நான் அழிக்க வேண்டும். உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நீ பிறப்பதற்கு முன் மாமா தனியாக ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போய் ஆமிச் சிப்பாய்களிடம் பிடிபட்டார், நாலு வருடம் உள்ளே இருந்தார், வெளியே வந்து கொஞ்சக் காலம் நம்மோடு இருந்தார், பிறகு வள்ளத்துப் பங்கில் அப்பாவோடு கோபித்துக்கொண்டு போய்விட்டார். இதில் அவன் பிடிபட்டது உண்மை. நாலு வருடம் உண்மை. மற்றதெல்லாம் நானும் அப்பாவும் சேர்ந்து கட்டியது.

நீ பிறப்பதற்கு முந்திய அந்த வருடங்களில்தான் கடலுக்குப் போக ஆமியின் பாஸ் வேண்டும் என்று முதன்முதலாக வந்தது. மாசி, பங்குனியில் நம் கடல் எப்படி அசையாமல் கிடக்கும் என்று உனக்குத் தெரியும். அப்படிக் கிடக்கிற கடலைப் பார்த்துக்கொண்டு ஆண்கள் எல்லாரும் கரையில் குந்தியிருந்தார்கள். பாஸ் இருந்தாலும் இன்ன நேரத்துக்கு முன் வள்ளம் இறக்கக் கூடாது, இன்ன எல்லைக்கு அப்பால் போகக் கூடாது. சிலாபம் சந்தையில் நான் கருவாடு விற்கும்போது என் பக்கத்தில் சாக்கு விரித்து விளாம்பழம் விற்கிற ஒரு சிங்களப் பெண் இருந்தாள், பெயர் சோமாவதி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். வண்ணாத்திவில்லைத் தாண்டிக் காட்டோரத்தில், ஒரு பெரிய குளக்கட்டுக்குக் கீழே அவளுடைய வீடும் வளவும். அவள் புருஷன் குளத்தில் மீன் பிடிக்கிறவன், பாம்பு கடித்துச் செத்துப் போனான். ஓடமும் அனுமதிப் புத்தகமும் இருக்கிறது, வலை கட்ட ஆள் இல்லை என்றாள். எங்களிடம் ஆள் இருக்கிறது, கடல் இல்லை என்றேன். இப்படித்தான் ஒவ்வொரு மாசிக் கடைசியிலும் நானும் அப்பாவும் என் தம்பியும், அதாவது உன் மாமாவும், அவள் வளவில் ஒரு குடிசை போட்டு வருடப்பிறப்பு வரை தங்கத் தொடங்கினோம்.

முதல் இரண்டு வருடமும் நன்றாக இருந்தது. அதை மறைத்துவிட்டு எல்லாம் இருட்டாகவே இருந்தது என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். வயல்களுக்குத் தண்ணீர் விட்டு முடிந்ததும் குளம் வற்றத் தொடங்கும். ஒவ்வொரு நாளும் கரை கொஞ்சம் உள்ளே போகும். தண்ணீர் இறங்கிய சேற்றில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் தெரியும், யப்பான் மீன் முட்டையிடத் தோண்டியவை. நீ கொழும்பில் திலாப்பியா என்று சொல்லுகிற அதே மீன்தான். நம் ஊரில் அதைத் தொடமாட்டார்கள், சேறு மணக்கிறது என்பார்கள். அப்பாவும் மாமாவும் பின்னேரம் ஓடத்தில் போய், குளத்துக்குள் நிற்கும் பட்டமரங்களுக்கிடையில் தங்கூசி வலையைக் கட்டிவிட்டு வருவார்கள், விடிந்ததும் போய்த் தூக்குவார்கள். நானும் சோமாவும் கரையில் இருந்து முதுகுப் பக்கமாகப் பிளந்து, குடல் எடுத்து, உப்பிட்டுக் காயவைப்போம். சில பெட்டை மீன்களின் வாய் புடைத்திருக்கும். உன் மாமா அவற்றை மட்டும் தனியாக எடுத்து, வாயை விரலால் திறந்து தண்ணீரில் உதறுவான். கொசுக்கூட்டம் மாதிரிக் குஞ்சுகள் கொட்டும். “புள்ளைகளை வாயில வச்சுக்கொண்டு இது சாப்பிடவும் மாட்டுது அக்கா, வயிறு ஒட்டிக் கிடக்கிறதப் பாரு” என்பான். “நீ என்ன மருத்துவிச்சியா?” என்று அப்பா சிரிப்பார். மாமாவுக்கு அப்போது இருபத்துநாலு வயது, இப்போது உனக்கு இருக்கிற வயது. என்னை நீ என்றுதான் கூப்பிடுவான். அம்மா செத்த பிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் நான்.

மூன்றாவது வருடம் நாங்கள் போனபோது குளக்கட்டில் மண்மூட்டை அடுக்கி ஆமி இருந்தது. காட்டுக்குள் இயக்கத்தின் நடமாட்டம் இருக்கிறது என்று கதை. வெளியூர் ஆட்கள் குளத்தில் இறங்கக் கூடாது என்றார்கள். சோமா போய்க் கேட்டாள், அவளோடு மரியாதையாகத்தான் கதைத்தார்கள், ஆனால் விடவில்லை. மிச்சமிருந்தது ஆறு. கலா ஓயா அந்த மாதத்தில் ஓடாது. நடந்து கடக்கிற வெறும் மணல். வளைவுகளில் மட்டும் மருத மரங்களுக்குக் கீழே ஆழமான மடுக்களில் கறுப்பாகத் தண்ணீர் நிற்கும், ஆற்றில் இருந்த மீனெல்லாம் அதற்குள் வந்து நெருக்கிக்கொண்டு கிடக்கும். கண்ணுக்கு முன்னால் மீன் புரளும், பிடிக்க முடியாது. மடு நிறைய வேரும் விழுந்த மரமும். போட்ட வலையெல்லாம் கிழிந்தது, ஒன்றை முதலை இழுத்துக்கொண்டு போனது. எட்டு நாள் வெறுங்கையோடு இருந்தோம். எனக்கு அப்போது ஏழு மாதம். வயிற்றில் நீ.

கல்லுடைக்கிற இடத்தில் வேலை செய்கிற ஒருவன், மடுவில் போட்டு மீன் பிடிக்க அப்பாவுக்கு வெடி தருவதாகச் சொல்லியிருந்தான். அப்பா அதை எங்களுக்குச் சிரித்துக்கொண்டே ஒரு பகிடி மாதிரித்தான் சொன்னார். மாமா உடனே, “வேணாம் அத்தான். சத்தம் கேட்டா அவ்வளவுதான். நாங்க தமிழ் ஆக்கள்” என்றான். அப்பா ஓம் என்று தலையாட்டினார். அத்தோடு அது முடிந்திருக்கும். முடிய விடாதவள் நான். வருடப்பிறப்புக்கு ஒன்றுமில்லாமல் ஊருக்குப் போய், “குளத்து மீன் பிடிக்கப் போனவங்க வந்திட்டாங்க” என்று சிரிக்கிறவர்களுக்கு முன்னால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. “மற்ற ஆக்கள் போடுறாங்கதானே, ஒரு தரம் போட்டா என்ன? கடலுக்குப் போய் வந்த ரெண்டு ஆம்பிளையள் ஒரு கிடங்குத் தண்ணிக்குப் பயந்து குந்திக்கொண்டு இருக்கிறீங்க” என்றேன். அப்பாவின் முகம் மாறியது. மாறியதைக் கண்டும் நான் நிறுத்தவில்லை, இன்னும் இரண்டு வார்த்தை சொன்னேன். கல்யாணம் கட்டப் போகிறாய், ஆகையால் இதைச் சொல்கிறேன்: ஒரு மனிதனுடைய வெட்கம் எங்கே இருக்கிறதென்று அவனோடு படுத்து எழும்புகிறவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதில் கை வைத்தால் அவனை எதையும் செய்ய வைக்கலாம். உன் பெண்டாட்டியின் வெட்கம் எங்கே இருக்கிறதென்று உனக்கும் ஒருநாள் தெரிய வரும். அதைத் தொடாதே.

அடுத்த நாள் காலையில் போனார்கள். நான் குடிசையில் உலை வைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது, தூரத்தில் ஒரு கதவை அடித்துச் சாத்தின மாதிரி. மரங்களில் இருந்து கொக்குகள் எழும்பின. சரி, முடிந்தது என்று அரிசியைப் போட்டேன். சோறு வேகுமுன் அப்பா தனியாக ஓடி வந்தார். முழங்கால் வரை மணல், சாரம் முள்ளில் கிழிந்திருந்தது. வெடி போட்டால் பாதி மீன் மிதக்கும், பாதி அடியில் போய்ப் படுக்கும். அதை எடுக்க ஒருவர் முங்க வேண்டும். முங்கினவன் மாமா. “ஆமி வந்திட்டாங்க. அவன் தண்ணிக்குள்ள இருந்தான். நான் கூப்பிட்டேன், அவனுக்குக் கேக்கல்ல” என்றார் அப்பா. அவர் கூப்பிட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சாகும் வரை நான் அதை அவரிடம் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் என் மூளை எப்படி வேலை செய்தது என்பதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. அழவில்லை, தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை. அப்பாவின் ஈரச் சாரத்தை வாங்கி அடுப்புக்குள் வைத்தேன். “நீங்க ஆத்துக்குப் போகல்ல. மூண்டு நாளாக் காய்ச்சல். இப்பவே விறகு லொறியில ஏறி ஊருக்குப் போங்க. ஆர் கேட்டாலும் காய்ச்சல். விளங்குதா?” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். தன் மனதில் இருந்ததை வேறொருத்தி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் என்கிற நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அவரோடு வாழ்ந்தேன், அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. மத்தியானத்துக்கு முன் போய்விட்டார்.

விஷயத்தைக் கேட்ட சோமா என்னைத் திட்டவில்லை. தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி அவள் சிங்களத்தில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “நங்கி, உன் புருஷனைத் திரும்பக் கூப்பிடு. நான் அனுமதிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அவரோடு முகாமுக்கு வருகிறேன். மூன்று வருடமாக என் வளவுக்கு வருகிற மீன்காரர், மச்சானும் மச்சானும் சேர்ந்து மீனுக்குத்தான் வெடி போட்டார்கள் என்று சொல்லுவோம். மீனுக்கு வெடி போட்டது குற்றம்தான், பொலிசில் கொடுப்பார்கள், கொஞ்ச நாள் உள்ளே இருப்பார்கள். தனியாக ஒரு தமிழ்ப் பொடியன் காட்டுக்குள் வெடியோடு நின்றான் என்றால் அது வேறு கதை.” நான் மாட்டேன் என்றேன். போனால் இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளுவார்கள் என்றேன். ஒருவராவது மிஞ்சட்டும் என்றேன். அவள் நெடுநேரம் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, அப்படியானால் நானும் நீயும் போவோம்” என்றாள்.

நாங்களாகப் போகுமுன், மூன்று நாள் கழித்து முகாமில் இருந்தே எங்களைக் கூப்பிட்டார்கள். பலகையால் தடுத்த ஒரு அறை. அங்கே இருந்த ஆமிப் பெரியவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு எனக்கு இருக்க ஒரு கதிரை போடச் சொன்னார். சோமாவை வெளியே நிற்கச் சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால் நடுவில் ஒருவரும் இல்லை. “உன் தம்பியோடு ஆற்றுக்குப் போனது யார்?” என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். “உன் புருஷன்?” அவருக்கு அன்றைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், வெடி போடும் முன்னமே ஊருக்குப் போய்விட்டார் என்றேன். “வெடி எங்கிருந்து வந்தது?” தெரியாது என்றேன். “உன் தம்பி யாரோடு பழகுகிறான்?” அதுவும் எனக்குத் தெரியாது, அவன் என்னிடம் ஒன்றும் சொல்லுவதில்லை என்றேன். இந்தக் கடைசி வார்த்தையை அவர் கேட்கவேயில்லை, மகன். நானாகச் சொன்னேன். அதைச் சொன்னால் எங்களை விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. அவர் பொறுமையாக, சத்தம் போடாமல், அதே கேள்வியை மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அதே பதில். எழுதிக்கொண்டிருந்த கொப்பியை மூடிவிட்டு, “அப்படியென்றால் உன்னிடம் கேட்க ஒன்றும் இல்லை” என்றார். வெளியே வந்து வெயிலில் நின்றபோது, தப்பிவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

நீ வைகாசியில் பிறந்தாய். மாமாவைத் தெற்கே ஒரு சிறைக்கு மாற்றியிருந்தார்கள். நாலு வருடத்தில் நான் மூன்று முறை போனேன். அப்பா ஒருமுறையும் போகவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் உன்னைப் பற்றித்தான் கேட்பான். பல்லு வந்திட்டா, நடக்கிறானா என்று. அன்றைக்கு என்ன சொன்னாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியாது, அதனால்தான் கேட்கவில்லை என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். சோமா ஒவ்வொரு வெசாக் பண்டிகைக்கும் அவனைப் போய்ப் பார்த்தாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிய வந்தது.

வழக்கில்லை என்று விட்டார்கள். அவன் ஊருக்கு வந்த நாளில் அப்பாவுக்குச் சிலாபத்தில் திடீரென்று வேலை வந்தது, மூன்று நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். பிறகு இரண்டு பேரும் ஒரே கரைவலையில் ஒரே கயிற்றை இழுத்தார்கள். ஒன்றும் கதைத்துக்கொள்ளவில்லை. உன்னை முதுகில் ஏற்றிக்கொண்டு மாமா கடற்கரை முழுக்கத் திரிந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வருடந்தான் இந்த வீட்டில் சத்தமாகச் சிரிப்புக் கேட்டது. நீங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு. நானும் அப்பாவும் அந்த நாலு வருடத்தில் வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தோம். ஒரு பொய்யை இரண்டு பேர் சேர்ந்து காக்கத் தொடங்கினால், அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காவல் பார்க்க வேண்டி வரும். மீன் விலை, உன் படிப்பு, கூரைக்குக் கிடுகு, இதைத் தவிர வேறொன்றும் நாங்கள் கதைத்ததில்லை. வெளியே இருந்து பார்த்தவர்கள் சண்டை சச்சரவு இல்லாத குடும்பம் என்றார்கள்.

அவன் எப்படிப் போனான் என்பதைக் கேள். அப்பாவின் சொந்தக்காரர் இரண்டு பேர் வந்திருந்தார்கள், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா கொஞ்சம் குடித்திருந்தார். பழைய கதை வந்தது. அப்பா எல்லாருக்கும் கேட்க, “அண்டைக்கு நான் காய்ச்சல்ல கிடந்தேன். நான் கூடப் போயிருந்தா இவனை விட்டிட்டு வந்திருப்பேனா?” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என் கையில் கறிச்சட்டி இருந்தது. மாமாவும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் “ஓம்” என்றேன். அவ்வளவுதான். மாமா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துக் கை கழுவினான். காலையில் எழும்பிப் பார்த்தபோது பாய் சுருட்டி வைத்திருந்தது. வள்ளத்துப் பங்கு என்று ஊருக்குச் சொன்னோம். உனக்கும் அதையே சொன்னோம். நீ கடற்கரையில் போய் நின்று அழுதாய்.

அவன் சோமாவின் வளவுக்குத்தான் போனான். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். போன செவ்வாய்க்கிழமை உன் கல்யாணக் கார்டை எடுத்துக்கொண்டு போனேன். புத்தளத்தில் ஒருமுறை, வண்ணாத்திவில்லுக்கு முன்னால் ஒருமுறை, பஸ்ஸில் இருந்து இறக்கிப் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உன் அறைக்குப் பொலிசார் பதிவு கேட்டு வந்ததாக எழுதியிருந்தாயே, அதை நினைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். குளம் அதே மாதிரி வற்றிக்கொண்டிருக்கிறது. குளக்கட்டில் மண்மூட்டையும் அதே இடத்தில்தான். சோமாவுக்கு முதுகு கூனிவிட்டது. அவள் கடைக்குட்டி மகன் இப்போது வடக்கில் ஆமியில், சுவரில் அவனுடைய படம் இருக்கிறது. ரேடியோவில் செய்தி தொடங்கினால் எழும்பி வெளியே போய்விடுகிறாள். மாமா கரையில் மர நிழலில் இருந்து வலைக்குப் பொத்தல் தைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்து, “வாங்க” என்றான். வாங்க.

கார்டைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக வாசித்தான். “புள்ளைட பேர் வடிவா அடிச்சிருக்கு” என்றான். நான் வழியெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டு போனதைச் சொல்லத் தொடங்கினேன். அன்றைக்கு நான் பொய் சொன்னது அவனைக் கைவிட்டு இல்லை, இரண்டு பேரையும் இழக்க ஏலாமல், வயிற்றில் பிள்ளையோடு, ஒருவராவது மிஞ்சட்டும் என்று. அவன் முழுவதையும் கேட்டான். கேட்டுவிட்டு, “நீங்க முகாமுக்கு வந்த அண்டைக்கு நான் எங்க இருந்தேன் எண்டு தெரியுமா?” என்றான்.

“தெரியாது.”

“பலகைக்கு அந்தப் பக்கம். உங்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டது கேட்டது.”

 அவன் ஊசியை வைத்துவிட்டு, குளத்தைப் பார்த்தபடி சொன்னான்: “பிடிச்ச உடனேயே நான் உள்ளதைச் சொல்லிட்டேன். மீனுக்குத்தான் போட்டது, அத்தானும் நானும் எண்டு. அவங்க நம்பல்ல. ரெண்டு நாள் நம்பல்ல. பிறகு நான்தான் சொன்னேன், என்ட அக்கா இருக்கிறா, அக்காவைக் கேளுங்க எண்டு. அக்கா வந்தா உள்ளதைத்தான் சொல்லுவா எண்டு. அந்தப் பெரியவர் சொன்னார், சரி, அவளும் இதையே சொன்னா மீன் வழக்கு எண்டு எழுதிப் பொலிசில குடுக்கிறேன் எண்டு. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டது.”

ஊசியை மறுபடி எடுத்து, “மூண்டு தரம் கேட்டார்” என்றான். “நல்ல மனுசன். மூண்டு தரம் கேட்டார். அதுக்குப் பிறகு நான் சொன்ன ஒண்டையும் அவங்க நம்பல்ல.”

மகன், இத்தனை வருடமும் எனக்கு ஒரு பிடி இருந்தது. இரண்டு பேரும் போக வேண்டிய இடத்தில் ஒருவரைக் காப்பாற்றினேன், பிழைதான், ஆனால் வேறு வழி இருக்கவில்லை என்கிற பிடி. அதைப் பிடித்துக்கொண்டுதான் உன்னை வளர்த்தேன், அப்பாவுக்கு நீ கொள்ளி வைத்தபோதும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அது அந்த மர நிழலில் போய்விட்டது. வழி இருந்திருக்கிறது. அந்த வழியை அவனே என் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். நான் வாயைத் திறந்து அதைச் சாத்தினேன். அப்பா இது தெரியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

சோமா தேத்தண்ணி கொண்டு வந்தாள். குடித்தோம். போக எழும்பும்போது, வெட்கத்தைவிட்டு, “புள்ளைக்காகவாவது வருவியா?” என்று கேட்டேன். அவன் கார்டை மறுபடி எடுத்துப் பார்த்தான். “புள்ளைக்குச் செய்ய எனக்கு விருப்பம். அக்கேயைக் கூட்டிக்கொண்டு வந்து செய்வேன். நீங்க அங்க நிண்டா ஏலாது. கோவம் இல்ல. உங்கட குரல் கேட்டா எனக்கு அந்தப் பலகைதான் வருது” என்றான். அக்கே என்றால் சிங்களத்தில் அக்கா. அவன் சொன்னது சோமாவை.

அவன் வருவான். நான் வரமாட்டேன். இதை நானே முடிவு செய்தேன், நீ அவனோடு இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம். நீ கோபப்படுவாய், பஸ் ஏறி ஊருக்கு ஓடி வரப் பார்ப்பாய். வராதே. பெண் வீட்டாருக்கு, அம்மா பழைய காலத்து ஆள், தாலி இழந்தவள் முன்னால் நிற்கக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறா என்று சொல்லிவிடு, நம்புவார்கள். உனக்கும் அந்தப் பிள்ளைக்கும் இடையில் மட்டும் இந்தக் கடிதத்தை வைத்துக்கொள். அவள் வாசிக்கட்டும். என்னை மன்னிக்கச் சொல்லி நான் உன்னைக் கேட்கவில்லை, கேட்க வேண்டியவனிடமே கேட்க வாய் வரவில்லை. அப்பாவை நீ எப்படி நினைக்க வேண்டும் என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன்னிடம் யாராவது ஒருநாள், இவனை உனக்குத் தெரியுமா, இவனோடு யார் இருந்தது என்று கேட்டால், பதில் சொல்லும் முன் எனக்கு அந்தக் கதிரை கிடைத்ததை நினைத்துக்கொள். இதற்குமேல் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் மாமா சோமாவோடு பஸ்ஸில் வருவான். அவள் பக்கத்தில் இருந்தால் வழியில் அவ்வளவாகக் கேட்கமாட்டார்கள். தங்குவதற்குக் கதவைப் பூட்டாத அறையாகப் பார்த்துக் கொடு. இறைச்சி சாப்பிடமாட்டான், மீன் சாப்பிடுவான். பால் அறுகு வைக்க அவனை முதலில் கூப்பிடு. அவன் வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. உள்ளே இருந்து வந்த நாள் முதல் அப்படித்தான், சட்டை போடும்போது பார்த்திருக்கிறேன். நல்ல காரியத்துக்கு இடது கையைத் தூக்கவும் மாட்டான். சபைக்கு முன்னால் அவனை எட்ட வைக்காதே, மகன். நீ நன்றாகக் குனிந்து தலையைக் கொடு.